குழிச் சேறு யாருக்கு?

நஜீப் முதலாளியின் அலங்கார மீன் பண்ணையில் தொட்டி கழுவுகிற இந்திராணிக்கு, அழுக்குத் தண்ணீர் ஓடும் கானோரத்தில் ஒரு கங்குன் பாத்தி இருந்தது. மீன் கழிவில் கொழுத்த கீரை. எஹலியகொட சந்தையில் வைத்தால் வெயில் ஏறுமுன் தீர்ந்துவிடும்.

அந்தப் பாத்திக்குத்தான் வினை வந்தது. தண்ணீரை ஆற்றில் விட அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றால், சேறு அடியில் தங்க ஒரு குழி வெட்டவேண்டுமாம். குழிக்கு வாகான பள்ளம் அவளுடைய பாத்திதான்.

சுற்றாடல் அதிகாரி இடம் பார்க்க வந்த அன்று அவள் பாத்தி நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"என்ன இந்திராணி, சத்தியாகிரகமா?" என்றார் நஜீப். "பண்ணைய மூடினா ஒனக்கும் வேல இல்லதானே?"

"வேலையும் வேணுங்க மொதலாளி, கீரையும் வேணும்."

அதிகாரி சிங்களத்தில் நஜீப்பைக் கேட்டார்: "குழி நிறைந்தால் சேற்றை எங்கே கொட்டுவீர்கள்? இடம் காட்டாமல் அனுமதி இல்லை."

நஜீப் தலையைச் சொறிந்தார். ஆற்றங்கரையைக் காட்ட முடியாது. லொறி பிடித்தால் கட்டுப்படியாகாது.

இந்திராணிக்கும் சிங்களம் நன்றாக வரும். கங்குன், தண்டை ஒடித்து நட்டால் எங்கேயும் பிடிக்கும். அதற்கு வேண்டியது அந்தச் சேறுதான்.

"சேறு பூரா எனக்குக் குடுங்க மொதலாளி. நான் இருக்கிற லயத்து வீட்டுக்குப் பின்னால பாத்தி போட்டுக்கிறேன். ஆனா சொமக்க ஆளு நீங்க வைக்கணும்."

"கழிவையும் தந்து கூலியும் நான் குடுக்கவா?"

"முடியாட்டி விடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

நஜீப் இதைச் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி சிரித்துவிட்டார். நஜீப்புக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் சரியென்று தலையாட்டினார். இந்திராணி குனிந்து, நடுவதற்குத் தண்டுகளை ஒடிக்கத் தொடங்கினாள்.