மாப்பிள்ளைக்கு ஷூ சைஸ் என்ன?

கல்யாணப் பத்திரிகைக் கட்டை வாங்கிப்போக வந்த வருங்கால மாப்பிள்ளை ரோஹித், கூடத்தில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்றபடியே மூன்றாவது வடையை வாங்கிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் மாமியாராகப் போகிற கன்னியம்மா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் கழற்றிவிட்டுப் போன வலது செருப்பைத் தன் புருஷன் துலுக்கானத்தின் செருப்போடு ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெமிலிச்சேரியில் அந்தத் தெருவில் வழக்கம் அப்படி. ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை போடுகிற கோட்டு, சூட்டு, ஷூ எல்லாம் பெண் வீட்டார் எடுத்துத் தரவேண்டும். கோட்டில் வம்பில்லை. மகள் காவ்யா போனில் பார்த்து நாற்பது என்று ஆர்டர் போட்டாள், நாற்பது வந்தது, அவன் தோளில் அச்சாக உட்கார்ந்தது. ஷூவில்தான் சிக்கல். மூன்று வாரமாகக் கேட்கிறாள். ஒரு நாள் எட்டு என்கிறான், மறுநாள் ஒன்பது என்கிறான், கேட்டால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்கிறான். கடைசியில் அவன் அம்மா வசந்தாவே வேப்பம்பட்டிலிருந்து போன் போட்டு, "ஷூவ நாங்க பாத்துக்கறோம், நீங்க உடுங்க சம்பந்தி" என்றுவிட்டாள். வசந்தா என்ன நினைத்துச் சொன்னாளோ, கன்னியம்மாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பத்து வருஷம் கழித்தும் வேப்பம்பட்டில் யார் வீட்டு விசேஷத்திலாவது, "ஷூ மட்டும் நாங்க வாங்குனது" என்று ஒரு பேச்சு வருமா வராதா? வரும். கன்னியம்மாவே அந்த இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பாள்.

"இன்னாக்கா, மாப்ள செருப்புக்கு ஜோசியம் பாக்கறியா?"

எதிர்வீட்டு நாகவல்லி. எப்போது தெருவைக் கடந்தாள், எப்போது கேட்டைத் திறந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவில் கூரியர்காரர் மணி அடிப்பதற்கு முன்பே பார்சலில் என்ன என்று தெரிந்தவள் அவள்.

"சைஸ் பாக்கறேன். கத்தாத. எங்க வூட்டுக்காரு போடறது ஒம்போது. ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

"அந்தக் காலையும் வச்சுப் பாத்துடு. நம்ம கடமை."

இடது செருப்பு வரவில்லை. வரவில்லை என்றால், துலுக்கானத்தின் செருப்பு நீளத்துக்கு வரவில்லை. ஒரு விரல்கடை குறைந்தது. கோயிலிலோ மண்டபத்திலோ மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டானோ என்று கன்னியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே பட்டை, அதே பக்கிள், அதே பழசு. குனிந்து பார்த்த நாகவல்லியின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

கை கழுவ வாசல் குழாய்க்கு வந்த ரோஹித் அப்படியே நின்றுவிட்டான். எண்ணெய்க் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். இடது காலை மெதுவாக வலது காலுக்குப் பின்னால் ஒளித்தான்.

"மூணாங்கிளாஸ் படிக்கறப்போ கால்ல வண்டி ஏறிடுச்சு அத்தே. அதுக்கப்பறம் அந்தக் காலு சரியா வளரல. நடக்கறதுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஏழு ஒரு ஜோடி, ஒம்போது ஒரு ஜோடி வாங்கி, அதுல ஒண்ணு இதுல ஒண்ணு போட்டுக்குவேன்."

கன்னியம்மாவுக்கு முதலில் நினைவு வந்தது அச்சடித்து வந்திருக்கும் நானூறு பத்திரிகைதான். அதை நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். அப்புறம்தான் பையன் முகத்தைப் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் மாதிரி இருந்தான்.

"காவ்யாவுக்குத் தெரியுமா?"

"இல்ல அத்தே. சொல்லணும்னுதான் ஒவ்வொரு தபாவும் நெனைப்பேன். அது சைஸ் இன்னான்னு கேக்கும். என்னை வேணாம்னு சொல்லிடுமோன்னு பயந்துகினு எட்டுன்னுடுவேன்."

"ஏழையும் ஒம்போதையும் கூட்டிப் பாதி பண்ணிட்டியா?" என்றாள் கன்னியம்மா.

நாகவல்லி முகத்தில், ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்துவிட்டது என்பதை முதலில் கேள்விப்பட்டவளின் பூரிப்பு. "சரிக்கா, தயிரு வாங்கணும், வரேன்" என்றாள். காலையில்தான் வாங்கியிருந்தாள்.

கன்னியம்மா ஒரு கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரோஹித்தை உள்ளே காட்டினாள். "தோ பாரு நைனா, இவ முக்குக் கடைக்குப் போவ அஞ்சு நிமிசம். அதுக்குள்ள நீயா போய் சொல்லிடு. இல்லன்னா அவ காதுக்கு வரும்போது உனக்குக் காலே இல்லன்னு வரும்."

அவன் கை கழுவாமலே உள்ளே போனான்.

நாகவல்லியை நிறுத்திவைக்கக் கன்னியம்மாவிடம் ஒரு வழி இருந்தது. "உன் மருமவ சிம்ரன் இன்னா சொல்றா?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் ஓடும். "அத உடுக்கா" என்றாள் நாகவல்லி, காதை ஜன்னல் பக்கம் திருப்பி. உள்ளே துலுக்கானம் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ரோஹித்தின் குரல் தணிவாகக் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததில் கன்னியம்மா முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இப்போது அது நாகவல்லியை நிறுத்துவதற்காக இல்லை.

"அதுக்குனு மூணு வாரமா என்னை எட்டு, ஒம்போதுன்னு சுத்த உட்டியா? ரெண்டு தபா ஆர்டர் போட்டு கேன்சல் பண்ணேன்."

காவ்யா வெளியே வந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அன்றைய பேப்பரும் பேனாவும், வாயில் பேனா மூடி. கண் சிவந்திருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பேப்பரைச் சிமென்ட் தரையில் விரித்தாள்.

"ஏறி நில்லு. நீ சொல்ற சைஸ இனிமே நா நம்ப மாட்டேன். கால வரைஞ்சு அளந்து போடுன்னு இந்த ஷூ ஆப்புலயே போட்டுருக்கான்."

ரோஹித் ஏறி நின்றான். தடுமாறி, பின்னாலேயே வந்திருந்த துலுக்கானத்தின் தோளைப் பிடித்துக்கொண்டான். வலது காலைச் சுற்றிப் பேனா ஒழுங்காகப் போய்வந்தது. இடது கால் வந்ததும் அவன் விரல்களை மடக்கினான். காவ்யா ஒவ்வொன்றாகப் பிரித்து நேராக்கினாள்.

"குதிகால அமுக்கி நில்லு மாப்ள, அளவு தப்பாப் பூடும்" என்றாள் நாகவல்லி. அவள் முந்தானை எப்போதோ விடுபட்டிருந்தது. முக்குக் கடைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பேனா சுண்டுவிரலின் அடியில் நுழைந்தது. கூச்சம் தாங்காமல் அவன் சிரித்துக்கொண்டே காலை இழுக்க, நீலக் கோடு பாதத்தை விட்டு விலகி, தங்கம் விலை போட்டிருந்த கட்டத்தைத் தாண்டி, தாளின் ஓரம் வரை ஓடியது.