வெள்ளை அடிக்கமாட்டம்

இரும்பில் ஏறின பெயின்ட்டை உரிக்கிறது லேசு. ரிமூவரைப் பூசிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் அது கொப்பளித்து எழும்பிவிடும், சுரண்டி எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் பம்பர் அப்படியில்லை. ரிமூவர் பட்டால் பிளாஸ்டிக்கே இளகிப் போகும், சூடு காட்டினால் வளைந்துவிடும். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, சேண்ட் பேப்பரால் கையாலேதான் தேய்க்க வேண்டும். ஜவுபருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் சாய்ந்தமருதில் அவனுடைய கராஜுக்கு வருகிற பம்பரெல்லாம் பின்வளவுக்குப் போய்விடும். அங்கே மாமர நிழலில் அவன் மனைவி ஜுனைதா வாளியும் தண்ணீருமாகக் குந்தியிருப்பாள். கலியாணத்துக்கு முன் மருதமுனையில் தறி நெய்தவள். அவள் கைக்கு அலுப்புத் தெரியாது. "பொம்பிளையும் பெயின்ட் வேல செய்யிறதா?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், செய்யிறதான். உங்கட வாகனத்தையும் கொண்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை அவள் முன்னால் கிடந்தது ஒரு நீல வேனின் முன்பக்கப் பம்பர். முதல்நாள் இரண்டு பேர் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஊர் பேர் சொல்லவில்லை. முழு வேனும் வெள்ளையாக வேண்டும், பம்பரும் வெள்ளை, வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்கள். ஜவுபர் அவர்களோடு ஒரு வார்த்தையும் மேலதிகமாகக் கதைக்கவில்லை. போர் கிழக்கில் முடிந்துவிட்டது, இனி வடக்கில்தான் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் இடுப்பில் துவக்கு வைத்திருந்தவர்கள் இன்னும் வீதியில் திரிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

நீலம் கரைந்து வாளித் தண்ணீர் கலங்கியது. நீலத்துக்குக் கீழே சாம்பல் நிறம் வந்தது. அதையும் தேய்த்தாள். அதற்கும் கீழே ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. வாழைக் குருத்துப் பச்சை. அந்தப் பச்சையை எங்கேயோ கண்டிருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே இடது மூலையைத் தேய்க்கும்போது, விரலுக்கு அடியில் ஒரு நீள மேடு தட்டுப்பட்டது. மேட்டைத் தேய்க்கத் தேய்க்க, வெடிப்பை நிரப்பப் பூசியிருந்த புட்டி உதிர்ந்து, உள்ளேயிருந்து செப்புக் கம்பி மினுங்கியது. ஒன்றன் பின் ஒன்றாய், கிழிந்த சாக்கைத் தைத்த மாதிரி, கோணல் மாணலான தையல்.

ஜுனைதா பம்பரைப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கத்தில் யாரோ தாரை அப்பி மறைத்திருந்தார்கள்.

அது அவளும் ஜவுபரும் போட்ட தையல். ஜவுபர் கம்பியைச் சூடுகாட்டி இறக்க, பிளந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கல்முனைச் சுரேஸ் தன் பச்சை வேனை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குள் இறங்கினான். றோட்டில் கிடந்த கூரையையும் மரத்தையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, காயப்பட்ட ஆட்களை அள்ளிப்போட்டு அம்பாறை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். திரும்பி வந்தான், திரும்பவும் ஓடினான். ஜுனைதாவின் உம்மா, கால் முறிந்து கிடந்த சபியா உம்மா, உயிர் தப்பியது அந்த வேனில்தான். இரண்டாகப் பிளந்த பம்பருக்கு மாற்றுப் பம்பர் வாங்க அப்போது கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை. தண்ணீரில் நாசமான மின்விசிறிக்குள் இருந்த கம்பியை உருவித்தான் ஜவுபர் அதைத் தைத்து, மேலே அதே பச்சையை அடித்துக் கொடுத்தான்.

அந்தச் சுரேஸ் போன வருசம் வாடகைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்கு ஹயர் ஓடப் போனவன். வேனும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவன் மனைவி உசாந்தினி ஏறாத பொலிஸ் இல்லை, நிற்காத முகாம் வாசல் இல்லை.

"இஞ்சருங்க, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள் ஜுனைதா.

ஜவுபர் வந்தான். குனிந்து பார்த்தான். தையலில் விரலை வைத்தவன் சட்டென்று கையை எடுத்தான்.

"சுரேஸ்ட வேன்" என்றாள் ஜுனைதா.

"மெதுவாக் கத." அவன் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். "புட்டியப் போட்டு மூடு. பிறைமர அடிப்பம். அவனுகள் கொண்டு போகட்டும். நாம ஒண்டும் காணல்ல."

"நான் கண்டுட்டன்."

"அவன்ட இடுப்பில என்ன இருந்த எண்டு நீ பாக்கல்ல ஜுனைதா. நமக்குப் புள்ளைகள் இரிக்கி."

"சுரேஸுக்கும் இரிக்கி." அவள் சேண்ட் பேப்பரை வாளிக்குள் போட்டுவிட்டு எழும்பினாள். "வெள்ள வேன் ஆளக் கடத்தத்தான் ஓடுது எண்டு உங்களுக்குத் தெரியாதா? இத நாம வெள்ளையாக்கிக் குடுத்தா, நாளைக்கு அதில ஏத்துற ஆள நாமளும் சேந்துதான் ஏத்துறம்."

அவன் திரும்பவும் வேலிக்கு அப்பால் பார்த்தான். "எனக்குப் பயமா இரிக்கி" என்றான் கடைசியில்.

"எனக்கும்தான்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கையைக் கழுவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கல்முனைக்கு ஆட்டோ பிடித்தாள்.

உசாந்தினி வந்து பம்பரைப் பார்த்தபோது அழவில்லை. பச்சை தெரிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் குந்தினாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா, அவங்கள் எப்ப வருவாங்கள்?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழம."

"நான் இஞ்ச இருப்பன். அவர் எங்க எண்டு கேக்கோணும்."

செய்தி எப்படியோ ஜவுபரின் காக்கா, மூத்த அண்ணன் அச்சிமுகம்மதுவின் காதுக்குப் போய்விட்டது. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிற மனிசன். வியாழன் காலையில் கராஜுக்கு வந்து, நின்றபடியே கதைத்தார்.

"இது தமிழாக்கள்ட பிரச்சின. அவங்களுக்குள்ள புடிக்கிறாங்க, விடுறாங்க. நாம ஏன் தலையக் குடுக்கிற? ஊருக்கும் சேத்து வம்ப விலைக்கு வாங்காதங்க."

"எங்கட உம்மாவத் தூக்கி ஏத்தக்குள்ள, நீங்க என்ன ஆக்கள் எண்டு சுரேஸ் கேட்டானா மச்சான்?" என்று கேட்டாள் ஜுனைதா.

"நன்றி வேற, உசிர் வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ஊருக்கு வம்பெண்டா ஊர் பேசாம இருக்கட்டும். என்ட கையால தேச்சத நான் மூடமாட்டன்."

அவர் தம்பியைப் பார்த்தார். ஜவுபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுக்க ஜுனைதா தேய்த்தாள். நீலம் போனது, சாம்பல் போனது, பச்சையில் ஒரு பக்கத்தை மட்டும் அப்படியே விட்டாள். மறுபக்கம் கறுத்த பிளாஸ்டிக் தெரியும்வரை தேய்த்து, தையல் முழுவதையும் வெளியே எடுத்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆட்கள் பள்ளிக்குப் போனபிறகு, உசாந்தினியும் அவளுமாகப் பம்பரைத் தூக்கிக் கராஜுக்கு முன்னால், றோட்டைப் பார்க்க ஒரு மேசையில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுச் சுரேஸின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உசாந்தினி உட்கார்ந்தாள்.

பின்னேரம் என்று சொன்னவர்கள் முந்திவிட்டார்கள். தொழுகை முடிந்து சனம் வீதியில் இறங்குகிற நேரத்துக்கே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேன் இன்னும் நீலமாகவே நின்றது. கட்டம்போட்ட சேட்டுக்காரன் இறங்கி, மேசையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான்.

"என்ன இது? எங்க ஜவுபர்?"

"இது என்ட புருசன்ட வேன்" என்றாள் உசாந்தினி. மடியில் இருந்த படத்தை அவன் பக்கம் திருப்பினாள். "அவர் எங்க?"

"பைத்தியமா உனக்கு? எழும்பு."

"எழும்பமாட்டன். அவர் எங்க எண்டு சொல்லு."

அவன் சேட்டை விலக்கி இடுப்பைக் காட்டினான். ஜுனைதா மேசைக்கும் அவனுக்கும் இடையில் வந்து நின்றாள். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வாய் தன் பாட்டில் கதைத்தது.

"காட்டுங்க, நல்லாக் காட்டுங்க. சனமும் பாக்கட்டும். இந்தத் தையல் நாங்க போட்டது. இந்தப் பச்ச நாங்க அடிச்சது. மேல எத்தின நிறத்தப் பூசினாலும் இது சுரேஸ்ட வேன்தான்."

பள்ளியால் வந்தவர்கள் நின்றார்கள். கிட்ட வரவில்லை, போகவும் இல்லை. தொப்பிகளும் வெள்ளைச் சேட்டுகளுமாக றோட்டு நிறைந்துகொண்டே வந்தது. எதிர்வீட்டு ஸகியா கைப்பிள்ளையோடு வெளியே வந்து, உசாந்தினியின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். கூட்டத்தின் முன்னுக்கு அச்சிமுகம்மதுவும் நின்றார். அவர் முகத்தில் கோபமா பயமா என்று தெரியவில்லை. ஆனால் அவர் விலகிப் போகவில்லை.

"வேன் சாவியக் கொண்டா" என்று சேட்டுக்காரன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

ஜவுபர் வெளியே வந்தான். கையில் சாவி இருந்தது. கொடுத்துவிடப் போகிறான் என்றுதான் ஜுனைதா நினைத்தாள். அவன் மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்று, எல்லோரும் பார்க்கச் சாவியைத் தன் சேட்டுப் பைக்குள் போட்டான்.

"வெள்ள அடிக்கமாட்டம்" என்றான். "வேனும் தரமாட்டம். பொலிஸுக்குச் சொல்லியிரிக்கி. அவங்க வந்து கேட்டாத் தாறன்."

பொலிஸுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஜுனைதாவுக்கு அது தெரியும். கூட்டத்திலிருந்து அச்சிமுகம்மதுவின் குரல் வந்தது: "ஓம், நான்தான் சொன்னன். வந்துகொண்டிருக்காங்க."

மோட்டார் சைக்கிளில் இருந்தவன் மற்றவனைத் தோளில் தட்டினான். "வா, மறுகா வந்து பாப்பம்." கட்டம்போட்ட சேட்டுக்காரன் ஜுனைதாவின் முகத்தை மனதில் பதிப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினான். அவர்கள் போன பிறகுதான் அச்சிமுகம்மது உண்மையாகவே பொலிஸுக்கு நடந்தார்.

வேனைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போனது. கொண்டுவந்து விட்டவர்கள் யாரென்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடிக்க விரும்பவில்லை. அடுத்த கிழமை கராஜின் கூரைக்கு யாரோ தீ வைத்தார்கள். தூக்குவது ஆம்பிளைகளைத்தான் என்று ஜவுபரைக் கோமாரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எரிந்த தகரத்தைக் கழற்றித் தென்னோலைக் கிடுகு போட்டு, ஜுனைதா கராஜைத் திறந்தாள். கொஞ்ச நாள் ஒருவரும் வாகனம் கொண்டுவரவில்லை. முதலில் வந்தது அச்சிமுகம்மதுவின் பழைய கார். அதன் பம்பருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. "கொஞ்சம் மங்கிப் போச்சு" என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார்.

மறு வருசம் வைகாசியில் போர் முடிந்தது என்று கல்முனை பஜாரில் வெடி கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். உசாந்தினி போனாள், ஜுனைதாவும் கூடப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கனிவாகத்தான் கதைத்தார். சண்டை முடிந்துவிட்டது, இனி மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் வாழ்க்கையைப் பாருங்கள் என்றார்.

"சண்ட உங்களுக்கு முடிஞ்சிற்று ஐயா" என்றாள் உசாந்தினி. "அவர் எங்க?"

அவர் ஜுனைதாவைப் பார்த்தார். இந்த முக்காட்டுப் பெண்ணாவது புத்தி சொல்லுவாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்க இவவுக்கு என்ன முறை?"

"அந்த வேனுக்குச் சாட்சி" என்றாள் ஜுனைதா. "அவ கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்க. நாங்க இருக்கம்."

இரண்டு பேரும் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.