அய்யோ சீட்டு

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் யாரும் யாரையும் கடிப்பதில்லை. 'ஒரு நண்பரின் கையும் இன்னொரு நண்பரின் பற்களும் சந்தித்துக்கொண்டன' என்றுதான் எழுதுவார்கள். தள்ளிவிடுவதும் கிடையாது. 'ஒரு நண்பரின் உடல் இன்னொரு நண்பரின் இடத்துக்குள் பயணம் செய்தது.' இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை அங்கே இருந்த நாற்பத்து மூன்று பேரும் நண்பர்கள். அப்பேர்ப்பட்ட நட்பில் தினம் ஒருவராவது உதடு வீங்கி வீட்டுக்குப் போனார்.

இதையெல்லாம் எழுதும் இளஞ்சிவப்புத் தாளுக்கு அய்யோ சீட்டு என்று பெயர். மூலையில் தலையில் கட்டுப் போட்ட கரடிக்குட்டி. அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கரடிக்கும் கோட்டுக்கும் நடுவில் எறும்பு வரிசை போல நான்கு வரி.

வெண்டல் குபியாக் எட்டு மாதத்தில் முப்பத்தொரு அய்யோ சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். அந்த நான்கு வரியை ஒருமுறைகூடப் படித்ததில்லை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒரு கையில் மகளின் குளிர்கோட்டு, இன்னொரு கையில் மகளின் மணிக்கட்டு. மணிக்கட்டை விட்டால் மகள் கார் நிறுத்துமிடத்தில் இருப்பாள். பேனா மூடியைப் பல்லால் கழற்றி, தாளைச் சுவரில் முழங்கையால் அழுத்தி, ஒரு கிறுக்கல். அவ்வளவுதான்.

இதில் சங்கடம் என்னவென்றால், அவனுக்குச் சோறு போடுவதே கையெழுத்துதான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏரிக்கரையில் இருக்கும் ஹார்மன் நகரத்தின் வாகனப் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் அவனுடையது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சுகிறவர்களிடம் அவன் பதினோரு வருஷமாகச் சொல்லி வரும் வாசகம் ஒன்று உண்டு: "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கலையா சார்?" குரலை உயர்த்தாமல், கொஞ்சம் வருத்தத்தோடு சொல்லுவான். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசியதில்லை என்பதில் அவனுக்கு ஒரு பெருமை.

மகள் ஜூனிக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். பதினான்கு மாதத்தில் குளிர்பதனப் பெட்டியின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஏறினாள் என்பது இன்றுவரை தெரியாது. மக்ரோனியை நின்றுகொண்டுதான் தின்பாள், மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வாய். காப்பகத்தில் கதை நேரத்தில் ஒவ்வொரு நண்பரும் பாயில் தனக்கென்று ஒட்டியிருக்கும் வண்ண வட்டத்தில் உட்கார வேண்டும். ஜூனி பன்னிரண்டு வட்டத்திலும் உட்காருவாள், அதில் ஏற்கெனவே ஆள் இருந்தாலும். தூக்கம் ஐந்து மணி நேரம். இத்தனைக்கும் நடுவில் திடீரென்று வந்து, ஒட்டும் இரண்டு உள்ளங்கையாலும் அப்பாவின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "அப்பா, பாரு" என்பாள். என்ன பார்ப்பது என்று அவன் கேட்பதற்குள் போயிருப்பாள்.

டாக்டர் ஹாஸ் நிதானமான மனிதர். ஜூனி அவருடைய எடை பார்க்கும் இயந்திரத்தை அறையின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போவதை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கவனக் குறைவு, மிகைத்துடிப்பு... இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாலு வயசு ஆகாம நான் இதுக்குப் பேர் வைக்க முடியாதும்மா."

"அது வரைக்கும் நாங்க என்ன செய்றது?" என்றாள் ட்ரெஸ்ஸா. வெண்டலின் மனைவி. முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இரவெல்லாம் ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு நேரே அங்கே வந்திருந்தாள்.

"பொறுமை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம்." ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதன் ஒரு மூலையை ஜூனி தின்றுவிட்டாள்.

காப்பகத்திலோ வேறு பாட்டு. டாக்டரிடமிருந்து ஒரு தாள் வந்தால், கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் கேட்டு ஜூனிக்கென்று தனியாக ஒரு ஆள் போட்டுக்கொள்ளலாமாம். தாள் வேண்டுமென்றால் நாலு வயது ஆக வேண்டும். நாலு வயது வரை அங்கே இருக்க வேண்டுமென்றால் தாள் வேண்டும். வெண்டலுக்கு இந்த வட்டம் மிகவும் பழக்கம். தினம் இருபது பேரை இதற்குள்தான் சுற்றவிடுகிறான். கண்ணாடிக்கு மறுபுறம் நிற்பதுதான் புதுசு.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பனி கொட்டியதில் அலுவலகத்தை மூன்று மணிக்கே மூடிவிட்டார்கள். வெண்டல் மூன்றரைக்குக் காப்பகத்துக்கு வந்தான். அந்த நேரத்தில் எந்தப் பெற்றோரும் வருவதில்லை. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். நண்பர்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்று காகிதத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில், கைக்குழந்தைகளுக்குச் சோறூட்டும் உயர நாற்காலியில், இடுப்பில் பட்டை, முன்னால் பூட்டிய தட்டு, சுவரைப் பார்த்தபடி ஜூனி.

அழுதிருந்தால் அவனுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அவள் அழவில்லை. தட்டின் விளிம்பில் ஒற்றை விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். முனை வரை போய், திரும்பி, முனை வரை.

"பத்து நிமிஷம்தான் சார்," என்றாள் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் யோலாண்டா. கையெல்லாம் பசை. "பன்னெண்டு பேரு, நான் ஒருத்தி. நேத்து வேலி மேல ஏறிட்டா. நான் அவளப் பிடிக்க ஓடுனா மத்த பதினொண்ண யாரு பாப்பா, சொல்லுங்க."

"நாய்க்குட்டியக்கூட இப்படிக் கட்ட மாட்டாங்க."

"நாய்க்குட்டி கட்டுன எடத்துல இருக்கும் சார்," என்றாள் யோலாண்டா, குதர்க்கம் எதுவும் இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போய்ப் பேசாதீங்க. பேசாம இருக்கறவங்களோட சீட்ட பெரிய மிஸ் எண்ணமாட்டாங்க."

வெண்டல் உள்ளே போய்ப் பேசினான். பதினோரு வருஷம் நியாயம் வழங்கியவன் வேறென்ன செய்வான்.

இயக்குநர் மிஸ் ஃபிலிப்பாவின் அறையில் லாவெண்டர் வாசனை. சுவரில் 'ஒவ்வொரு மொட்டும் தன் நேரத்தில் மலரும்' என்று தொங்கியது. வெண்டல் மாநில உரிமத் துறை, புகார், வழக்கு என்று மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டாள்.

"உங்களுக்குப் பெரிய உணர்வுகள் வந்திருக்கு, மிஸ்டர் குபியாக். அது நல்லது. ஆனா அதக் கட்டுறதுன்னு நாங்க சொல்றதில்ல. அது அரவணைப்பு இருக்கை."

"சுவரப் பாக்க வெச்சா அரவணைப்பீங்க?"

அவள் ஒரு கோப்பை எடுத்தாள். முப்பத்தொரு கரடிக்குட்டி. மேலே இருந்த சீட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளி, எறும்பு வரிசையின் மேல் ஒரு நகத்தை வைத்தாள். அவன் முதல்முறையாகப் படித்தான். மேற்கண்ட நண்பரின் தேவைகளை இவ்வில்லம் நிறைவேற்ற இயலாமல் போகலாம் என்பதையும், வேண்டியபோது அரவணைப்பு இருக்கை பயன்படுத்தப்படும் என்பதையும், முப்பது சீட்டுகளுக்குப் பின் நண்பரின் இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை இல்லத்துக்கு உண்டு என்பதையும் அறிந்து ஒப்புக்கொள்கிறேன். கீழே அவன் கிறுக்கல்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றாள் மிஸ் ஃபிலிப்பா. குரலை உயர்த்தாமல், கொஞ்சம் வருத்தத்தோடு.

மறுநாள் 'பிரியாவிடை வட்டம்' நடந்தது. ஜூனிக்குக் காகித கிரீடம் வைத்தார்கள். நாற்பத்திரண்டு நண்பர்களின் உள்ளங்கை பதித்த அட்டை ஒன்றும் கிடைத்தது. கிரீடம் வாசலைத் தாண்டும்முன் கிழிந்தது. இந்த நிகழ்ச்சிக்குச் சீட்டு எதுவும் எழுதப்படவில்லை.

மற்ற காப்பகங்களில் விண்ணப்பத்தின் ஆறாவது கேள்வி: உங்கள் குழந்தை முன்பு எங்கிருந்தாவது விலக்கப்பட்டதுண்டா? இப்போதெல்லாம் எல்லாக் கேள்வியையும் படிக்கும் வெண்டல் இதையும் படித்து, 'ஆம்' என்று குறியிட்டான். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவனுடைய விடுப்பு ஒரு வாரத்தில் தீர்ந்தது. அதன்பின் காலை ஏழு மணிக்கு ட்ரெஸ்ஸா வேலையிலிருந்து வருவாள், எட்டு மணிக்கு அவன் போவான். ஜூனி பகலில் தூங்குகிறவள் இல்லை. ஆகவே ட்ரெஸ்ஸாவும் இல்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, இருபத்தாறு மணி நேரம் விழித்திருந்த ட்ரெஸ்ஸா சோபாவில் சாய்ந்தாள். கண்ணை மூடியது நினைவில்லை என்றாள் பிறகு. ஜூனி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவுச் சங்கிலியைக் கழற்றியிருக்கிறாள். பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநர் மூன்று தெரு தள்ளி, ரோட்டின் நடுவில், வெறும் காலுறையோடு நின்ற அவளைப் பார்த்து பிரேக்கை மிதித்தார். வண்டி சறுக்கி அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் கைதட்டினாள்.

வெண்டல் வீட்டுக்கு ஓடி வந்தபோது போலீஸ்காரர் போய்விட்டிருந்தார். ட்ரெஸ்ஸா குழந்தையின் கால்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"இன்னொரு தடவ நடந்தா எழுதியே ஆகணும்னாரு. நல்ல மனுஷன். 'நல்ல பூட்டா ஒண்ணு போடுங்கம்மா'ன்னாரு."

"அந்தப் பொம்பள மட்டும்..."

"அந்தப் பொம்பளைய விடு, வெண்டல். நீ அன்னைக்கு நியாயம் பேசாம வாய மூடிட்டு இருந்திருந்தா, இவ இன்னைக்கு அந்த நாற்காலில உக்காந்திருப்பா. சுவரத்தான் பாத்துட்டு இருந்திருப்பா. ஆனா கதகதப்பா இருந்திருப்பா."

மூன்றாம் ஜன்னலில் இப்படி ஒரு வாதத்தை அவன் கேட்டதில்லை.

சனிக்கிழமை இரும்புக் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் கேட்டான். கனமானதாக, வெளிப்பக்கம் போடுகிற மாதிரி.

"ஷெட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. ஷெட்டுக்கு."

ஜூனியின் அறைக்கதவில், தன் தாடை உயரத்தில், வெளியிலிருந்து அதைப் பொருத்தினான். டப்பாவில் ஐந்து திருகாணி. வேலை தொடங்கியதும் ஜூனி வந்து அவன் முழங்காலருகே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். திருகாணியை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து, அவன் கேட்கும்போது நீட்டினாள். கண் அவன் கையை விட்டு நகரவில்லை. ஓடவில்லை, எழவில்லை. ஏழு நிமிடம். பிறந்ததிலிருந்து அவள் ஓரிடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. நாலாவது திருகாணி இறங்கியதும் "அப்பா, இன்னொண்ணு?" என்றாள்.

"போதும்டா கண்ணு. முடிஞ்சுது."

ஐந்தாவது எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் ஒரு பெயரும் வைத்தார்கள்: 'அமைதி நேரம்'. முதலில் இரண்டு மணி நேரம். மார்ச் மாதத்தில் நாலு. ட்ரெஸ்ஸா தூங்கினாள். அவள் முகத்தில் நிறம் திரும்பியது. வீட்டைத் தேடி எந்த வண்டியும் வரவில்லை.

அப்போதுதான் கவுண்டி அலுவலகத்திலிருந்து கேள்வித்தாள் வந்தது. டாக்டர் ஹாஸே மனமிரங்கி எழுதிப் போட்டதில் வந்தது. நோய்க்குப் பெயர் வைக்க முடியாவிட்டாலும், அறுபது புள்ளி வந்தால், உதவியாளரோடு ஒரு காப்பக இடம் உண்டு. ஐம்பத்து நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி என்று மூன்று கட்டம்; முறையே பூஜ்யம், ஒன்று, இரண்டு புள்ளி. தொலைபேசியில் ஒரு பெண் விளக்கினாள்: "கடந்த நாலு வாரத்துல நடந்தத மட்டும் குறிங்க சார். உண்மையா இருக்கட்டும்."

ஒரு தாள் காப்பகத்துப் பராமரிப்பாளர் நிரப்ப வேண்டியது. பராமரிப்பாளர் இல்லாததால் காலியாகப் போனது. மற்றதை வெண்டல் சமையலறை மேஜையில் வைத்து ஓரெழுத்து விடாமல் வாசித்தான், அடியில் இருந்த எறும்பு வரிசை உட்பட. பதில்கள் தேவைப்பட்டால் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுடன் பகிரப்படும் என்றிருந்தது.

"'அறையை விட்டு அனுமதியின்றி வெளியேறுகிறது'," என்று வாசித்தான்.

"அடிக்கடின்னு போடு," என்றாள் ட்ரெஸ்ஸா, பாத்திரத்தைக் கழுவியபடி.

"நாலு வாரமா வெளியேறலையே."

"வெளியேற முடியல. வெளியேறலன்னு அர்த்தமில்ல."

"அடிக்கடின்னு போட்டா, 'அப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க'ன்னு வீட்டுக்கு ஆள் வரும். வந்தா கதவப் பாக்கும்."

"நீயே சொல்லிடு. அரவணைப்புக் கதவுன்னு சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. குழாயை மூடவும் இல்லை.

"அப்ப என்னதான் போட?" என்றான்.

"கையெழுத்து உன்னுது. உனக்குத் தோணறதப் போடு."

அறையை விட்டு வெளியேறுகிறது: ஒருபோதும் இல்லை. ஆபத்தான இடத்துக்கு ஓடுகிறது: ஒருபோதும் இல்லை. எழுதியதில் ஒரு பொய் கிடையாது. மூன்றாம் ஜன்னலில் அந்தத் தாள் வந்திருந்தால் அவனே முத்திரை குத்தியிருப்பான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. 'உங்கள் குழந்தை ஐம்பத்தாறு புள்ளிகளே பெற்று, சிறப்பு உதவி தேவைப்படாத நிலையில் இருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் நிலவும் அமைதியான சூழலுக்கு வாழ்த்துகள்.' கூடவே, கடிதம் கிடைத்ததாகக் கையெழுத்துப் போட்டு அனுப்ப ஒரு சீட்டு. இளஞ்சிவப்பு இல்லை, வெள்ளை. கரடிக்குட்டி கிடையாது.

ட்ரெஸ்ஸா வேலைக்குக் கிளம்பும்முன் கொஞ்சம் தூங்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வெண்டல் ஜூனியின் கதவருகே தரையில் உட்கார்ந்தான். உள்ளே காலடி. சுவரிலிருந்து சுவருக்குப் பதினோரு எட்டு, திரும்பப் பதினோரு எட்டு. அவன் சீட்டை இரண்டு முறை படித்தான். ஒரு குறையும் இல்லை. முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டான், முழுப் பெயராக, தெளிவாக.

பேனா சத்தம் கேட்டதோ என்னவோ, காலடி நின்றது. கதவின் அடியில், இடுக்கு வழியாக, சின்ன விரல்கள் எதையோ தள்ளின. உருண்டு வந்து அவன் செருப்பில் முட்டி நின்றது. ஐந்தாவது திருகாணி.

"அப்பா," என்றது கதவு. "இன்னொண்ணு."