இரண்டு முனையும் செருகிய கேபிள்

ஆள் குட்டை, ஆபீஸ் முழுக்க அவருக்குப் பெயர் நெட்டு. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நெட்டு, காபி மெஷின் மக்கர் பண்ணினாலும் நெட்டு. "அது என் வேலை இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்.

அந்த மருந்து மொத்த வியாபாரக் கம்பெனிக்கு இரண்டு ஊரில் ஆபீஸ். தலைமை ஆபீஸில் நெட்டு. ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலை போய்ச் சேருகிற கிளையில், ஸ்டாக் பிரிவில், அவர் மனைவி. மகள் பிறந்த வருஷம் மனைவிக்கு வந்த மாற்றல் அது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா என்றால் அவளுக்குப் போனுக்குள் இருக்கிற ஒரு முகம். சாயங்காலம் வரும், சார்ஜ் தீர்ந்தால் போய்விடும்.

இந்த இரண்டு ஊர்க் குடித்தனத்துக்கு இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். இரண்டு ஆபீஸையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்க்கிற நாள். மேனேஜர் முன்னாடியே சொல்லியிருந்தார். "லைன் நாள் முழுக்க ஒழுங்கா ஓடணும். இங்க வர்ற கோளாறை எல்லாம் உட்கார்ந்த இடத்துல இருந்தே சரிபண்ணிக் காட்டுங்க. அப்புறம் நீங்க எந்த ஊர்ல உட்கார்ந்தா எனக்கென்ன? அடுத்த மாசமே கிளைக்குக் கிளம்புங்க."

காலையிலேயே மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, லேன்னா என்ன, வேன்னா என்ன, இன்னிக்காவது புரியற மாதிரி சொல்லுங்க. இங்க எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க."

"ஒரே வீட்டுக்குள்ள ரூமுக்கு ரூம் குரல் குடுக்கறது லேன். இந்தக் கட்டடத்துல இருக்கற கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் அதுல அடக்கம். ஊரு விட்டு ஊரு பேசினா வேன்."

"அப்ப நாம ரெண்டு பேரும் வேன்."

"ஆமாம், தாயே."

"பொது இன்டர்நெட்டுல நம்ம கணக்கை விட்டா கண்டவன் பார்க்க மாட்டானா?"

"அதுக்குத்தான் விபிஎன். ரோடு பொது ரோடுதான். நம்ம சரக்கு மட்டும் பூட்டின பெட்டிக்குள்ள போகும். சாவி ரெண்டு ஆபீஸ்கிட்ட மட்டும்."

அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பீரோவுல ஒரு பக்கத்தைக் காலி பண்ணிட்டேன். என் சேலை எல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. கவுத்துடாதீங்க."

மதியத்துக்கு முன்னாடியே லைன் வந்துவிட்டது. கிளையின் ஸ்டாக் பட்டியல் இங்கே திரையில் பளிச்சென்று திறந்தது. கிடங்கில் ஒயர் இல்லாத வைஃபை மெஷினால் மருந்துப் பெட்டியை ஸ்கேன் செய்தால், அங்கே மனைவியின் கணக்கில் எண்ணிக்கை குறைந்தது. நெட்டு நாற்காலியில் சாய்ந்தார். எத்தனையோ நாளாகக் கழுத்தில் இருந்த வலி கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவுடனே எல்லாம் படுத்துவிட்டது.

கிளை லைன் மட்டும் என்றால் பரவாயில்லை. பக்கத்து அறை பிரிண்டர்கூடப் பேசவில்லை. பில் போடுகிறவர்கள் கத்தினார்கள், கிடங்கில் லாரி நின்றது, மனைவி போன் போட்டு "போயிடுச்சுங்க" என்றாள், ஏதோ அவரே பிடுங்கிவிட்ட மாதிரி.

உட்கார்ந்த இடத்திலிருந்து என்னென்னவோ தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. அடச்சே, இன்றைக்குத்தானா வரவேண்டும்! எழுந்து, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் அறைக்குப் போனார். வழக்கமாக ஆளுக்கொரு பக்கம் மினுக்குகிற பச்சை விளக்குகள் அத்தனையும் ஒன்றாகப் பேயாட்டம் ஆடின. பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. எங்கேயோ ஒரு கேபிள் போன வழியே திரும்பி வருகிறது. ஒருத்தர் கேட்ட கேள்வி நிற்காமல் சுற்றிச் சுற்றி, பெருகிப் பெருகி, வேறு யாரையும் வாய் திறக்க விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினார். கணக்குப் பிரிவுக்குப் போகிறதைப் பிடுங்கியதும் ஆட்டம் அடங்கியது. சரிதான், கணக்கு அக்கா!

கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். மேசையில் ஒரு குண்டூசி கோணலாக இருந்தால் பொறுக்காது. நெட்டு அவர் மேசைக்கு அடியில் படுத்து, ஒட்டடைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அங்கிருந்த, கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன சுவிட்ச் பெட்டியில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தன.

"அக்கா, இதை யாரு செருகினா?"

"நான்தான் தம்பி. ஒரு முனை அநாதையா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஓட்டையும் காலியா இருந்துச்சு. பார்க்கச் சகிக்கல, செருகிட்டேன். ஏன், தப்பா?"

நெட்டு ஒரு முனையை உருவினார். திரும்பிப்போய்ப் பிடுங்கினதை எல்லாம் மாட்டியதும் மாடி முழுக்க ஆளாளுக்கு "வந்துடுச்சு" என்றார்கள்.

இடத்துக்கு வந்து மூச்சு வாங்குவதற்குள் மேனேஜர் வந்து நின்றார். காதில் ப்ளூடூத் மாட்டியிருந்தார். சட்டைப்பை போனுக்கும் காதுக்கும் நடுவில் ஓடுகிற அந்தக் கையகல நெட்வொர்க்தான் கம்பெனியிலேயே என்றைக்கும் படுக்காதது.

"சரியாச்சா?"

"ஆச்சு சார்."

"இங்க உட்கார்ந்தபடியேவா?"

நெட்டு தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எவராலும் சொல்ல முடியாத ஆட்டல்.

"பலே! அப்படின்னா..."

கணக்கு அக்கா இரைக்க இரைக்க ஓடி வந்தார். மேனேஜர் நிற்பதைப் பார்த்ததும் திட்டுகிறார் என்றே முடிவு கட்டிவிட்டார். "சார், தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என் மேலதான். பாவம், மேசைக்கு அடியில தரையோட தரையா படுத்து, தேடிக் கண்டுபிடிச்சாரு. இவரு மட்டும் இங்க இல்லேன்னா இன்னிக்கு நம்ம கதை கந்தல்!"

மேனேஜர் நெட்டுவின் சட்டையைப் பார்த்தார். தோளில் ஒட்டடை, முழங்கையில் தூசி.

"படுத்தீங்களா?"

"படுத்தேன் சார். இப்படி கேபிள் சுத்தி வர்ற லூப்பைத் தானே கண்டுபிடிச்சு அடைக்கற சுவிட்ச் பெட்டி ஒண்ணு இருக்கு. போன வருஷமே கேட்டேன். அது இருந்தா கிளையில இருந்தே..."

"பொட்டி வாங்கிடலாம். பொட்டி வந்து மேசைக்கு அடியில படுக்குமா?" மேனேஜர் நிஜமான பாசத்தோடு தோளைத் தட்டினார். ஒட்டடை அவர் கையில் ஒட்டிக்கொண்டது. "உங்களை அனுப்பிட்டு நான் யாரைத் தேடுவேன்? இங்கேயே இருங்க."

படுக்க வேண்டிய அவசியமே வராது சார் என்று நெட்டு சொல்வதற்குள் மேனேஜரைக் காதில் வேறு யாரோ கூப்பிட, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி போய்விட்டார். காப்பாற்றிவிட்ட திருப்தியில் அக்கா சிரித்தார். நெட்டுவுக்கு நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் தோளில் மிச்சம் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பக்கத்துப் பிரிண்டர் தானாக முனகி ஒரு தாளைத் துப்பியது. பெரிய எழுத்தில் ஒரே வரி: பீரோ ரெடி. எப்ப வர்றீங்க?

போன் அடித்தது. "வந்துச்சா? உங்க ஊரு பிரிண்டர் என் ஸ்கிரீன்லயே தெரியுதுங்க! நம்மளும் லேன் ஆயிட்டோம் போல!"

"வந்துச்சு," என்றார். பிறகு சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார்.

அந்தப் பக்கம் யாரோ பில் எண் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அழுகையா வருது," என்றாள். "ஆபீஸ்ல அழக்கூட முடியல. சேலையைத் திரும்ப அடுக்கிடட்டுமா?"

"வேணாம். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்."

"கொஞ்ச நாள்னுதான் அப்பவும் சொன்னாங்க."

அவர் பிரிண்டர் துப்பிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கணக்குப் பிரிவிலிருந்து அக்கா, "தம்பி, பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சு!" என்று கூப்பிட்டார்.

"இதோ, வந்துடறேன்," என்றார் நெட்டு. யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.