நட்சத்திரம் போட்ட வரி

என் அண்ணன் அசன் முகம்மதுவின் வலது கையைப் பஞ்சு சீவுகிற கார்டிங் மிஷின் மணிக்கட்டு வரைக்கும் தின்ற ஆறாம் நாள், மில் மேனேஜர் ராஜரத்தினம் என் மேஜைக்கு வந்தார். ராஜபாளையத்தில் அந்த மில்லுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

"ஏலே சேக்கு, பன்னெண்டாம் தேதி ஷிப்டு லிஸ்ட்டுல ஒங்க அண்ணன் பேரு கெடக்கு. அதை அழி."

"அன்னைக்கு அண்ணன் வேலையிலதான் சார் இருந்துச்சு."

"கூட்டாளியப் பாக்க வந்த எடத்துல கைய விட்டுட்டான்னு எழுதியாச்சு. ஒன் கையாலயே அழிச்சுரு. இல்லன்னா ரெண்டு பேரும் வீட்டுல ஒக்காந்து ஒத்தக் கையால சோறு திங்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அண்ணன் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் அவர் இடத்தில் நிற்கிறவன். பதிலிகள் காலை ஆறரைக்கே கேட்டில் நிற்பார்கள். கூப்பிட்டால் உள்ளே, வராத ஆளின் டோக்கன் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் ஏறும். அண்ணன் அன்று வேலை பார்த்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

அழித்தேன். திரையிலிருந்து வரி மறைகிற வரைக்கும் அவர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். அந்தப் பழைய புரோகிராம் எதையும் உடனே அழிக்காது என்பது அவருக்குத் தெரியாது. வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு ஒளித்து வைக்கும். இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். அதை நான் கொடுக்கவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை. எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடையில் அண்ணன் வாயை விட்டால் அன்று சாயங்காலமே மேனேஜர் காதுக்குப் போய்விடும். நான் அழித்ததைக் கேள்விப்பட்டு அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தியது. அண்ணன் பெண்டாட்டி, மைனி ஆயிஷா பீவி, தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போவாள். தின்றேன்.

மே மாதம், ரெண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் நின்றுவிடும் என்று பயந்து மில்லில் புதுசு வாங்கினார்கள். பழைய லிஸ்ட்டெல்லாம் புதுசுக்கு மாறின; நட்சத்திர வரி மட்டும் மாறவில்லை. ஆனால் புதுப் புரோகிராமில் பதிலிக்கு இடமே இல்லை. மூன்று நாள் கேட்டில் ஒரே கூச்சல்.

"பழசை எப்படியாவது ஓட வைலே," என்றார் ராஜரத்தினம்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்து, புதுசில் பிரிண்டர் ஒயர் குத்துகிற இடத்தில் மாட்டினேன். தினமும் காலையில் ஃப்ளாப்பி போட்டுக் கிளப்பினால் பழைய கறுப்புத் திரை வரும். முதலாளியிடம் அதைத் தன் யோசனை என்று சொல்லி ராஜரத்தினம் பேர் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் தொழிலாளர் அதிகாரி சுந்தரபாண்டியன், அண்ணன் கேட்ட நஷ்ட ஈட்டு விசாரணைக்கு மில்லுக்கே வந்தார். அண்ணன் சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. ராஜரத்தினம் புதுசில் எடுத்த லிஸ்ட்டை நீட்டினார். "பாருங்க சார், பேரே இல்ல. இவன் அவனுக்குக் கூடப்பொறந்த தம்பி. இவனையே கேளுங்க."

"லிஸ்ட்டு போடுறது இதுல இல்ல சார், அந்தப் பொட்டியில," என்றேன்.

"அது சும்மா பழசு சார்."

"இன்னைக்குக் காலையில பதிலி எடுத்ததும் அதுலதான். மேனேஜர் சார் சொல்லித்தான் ஓட்டுறோம்."

"போடுங்க," என்றார் அதிகாரி.

பன்னெண்டாம் தேதியைத் திறந்து, அழித்ததையும் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். டோக்கன் 214, கார்டிங், அசன் முகம்மது. முன்னால் நட்சத்திரம்.

"யாரு அழிச்சது?"

"நான்தான் சார். அழிக்கச் சொன்னவரு ஒங்க பக்கத்துல நிக்காரு."

ராஜரத்தினம் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "சோறு போட்ட எடத்துல இப்படிப் பண்ணுதியேலே," என்றார்.

"ஒத்தக் கையாலதான சார் திங்கச் சொன்னீய."

மூன்று பிரதி எடுத்தேன். பெட்டிக்குச் சீல் வைத்து அதிகாரி கொண்டுபோனார். எனக்கு அன்றோடு வேலை போயிற்று.

மறுநாள் விடிந்ததும் அண்ணனே என்னை எழுப்பியது. "வாலே, செத்த நேரம் ராஜபாளையம் போய்ட்டு வருவோம்." முதல் பஸ்ஸில் போய் மில் கேட்டுக்கு எதிரே டீ வாங்கிக் குடித்தோம். பெட்டி இல்லாத கேட்டில் ராஜரத்தினம் அட்டையும் பேனாவுமாக நின்று, எழுபது பதிலிகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார்கள். எழுதுவதை நிறுத்தி நிறுத்திக் கையை உதறினார்.

அண்ணன் இடது கையில் இருந்த கிளாஸை நீட்டி இன்னொரு டீ கேட்டது.

"போவமாண்ணே?"

"இரு. எழுதி முடிக்கட்டும்."