ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெயர்

1

சூரியனில் ஒரு தீக்கொழுந்து எழுந்தபோது இந்தக் கதை பிறந்தது என்று முதல் வரைவில் இருந்தது. பொய். ஒரு தொலைபேசி அழைப்பில்தான் பிறந்தது. எழுதுகிறவள் பெயர் ரெபேக்காள். சங்கரன்கோவில் நூலகத்தில் வேலை. ‘நான்’ என்று போட்டால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. ஆகவே, வாசகரே, அவளை ‘அவள்’ என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

2

அவள் மகன் கிறிஸ்வின் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து செருப்புப் பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்தான். அதை ஏவுவதற்கு முன்பே, வாசுதேவநல்லூர் பக்கம், பைக்கில் வரும்போது ஒரு லாரி —

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

நண்பர்கள் அவன் பெயரை அதன் அலுமினியத் தகட்டில் பொறித்து அனுப்பினார்கள். சில மாதங்களில் அதன் ரேடியோ ஊமையானது. ஆனாலும் பல வருடம் சுற்றும் என்றார்கள்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் அவள் கணவர் தேவதாசன். முதல் வருட நினைவு ஜெபத்துக்கு முன் கல்லறைக்குக் கல் வைப்பது சபை வழக்கம். இவர் வைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் இஸ்ரேல் கேட்டே விட்டார்.

“அண்ணாச்சி, கல்லு எப்ப வைக்கியோ?”

“என் பிள்ளை பேரு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல சுத்துது வே. மண்ணுல எதுக்கு?”

“மேல சுத்துதது சரி. போன மழைக்கே மேடு பாதி கரைஞ்சிட்டு. அடுத்த மழைக்கு எது உங்க பிள்ளைன்னு நானே தேடணும்.”

3

அழைத்தவள் ஷிரின் பானு, கிறிஸ்வினோடு படித்தவள்.

“ஆன்ட்டி, இந்த வருஷம் சூரியப் புயல் அடுத்தடுத்து அடிச்சிட்டு. நம்ம சாட்டிலைட் போன வாரமே இறங்கி எரிஞ்சிருக்கும். அங்கிள்ட்ட நீங்களே சொல்லிருங்க.”

“ஏதாவது கீழ விழுமா மக்கா?”

“ஒண்ணும் மிஞ்சாது ஆன்ட்டி.”

அந்த உயரத்தில் காற்று இருந்தும் இல்லாதது மாதிரி. சூரியப் புயல் வந்து மோதினால் மேல்காற்று சூடேறி, வெயில் நாளில் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்புவதுபோல

(அடுப்பங்கரை உவமை வேண்டாமென்று அடித்தாள். வேறு கிடைக்கவில்லை. திரும்பப் போட்டாள்.)

உப்பி மேலே ஏறுகிறது. ஒன்றுமில்லாத இடத்தில் இப்போது கொஞ்சம் காற்று. செயற்கைக்கோள் அதில் உரசி வேகம் இழக்கிறது, தாழ்கிறது, தாழத் தாழ அடர்ந்த காற்று, பிறகு நெருப்பு. இதில் குற்றவாளி யாரென்று தேடி ஒரு பக்கம் எழுதினாள். லாரிக்காரனைப் பற்றியும் முன்பு அப்படி ஒரு பக்கம் எழுதிக் கிழித்திருக்கிறாள்.

4

தேவதாசன் என்கிற பாத்திரம் நம்பும்படி இல்லை. திருவேங்கடம் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவர். கண்ணால் காணாததை நம்பி வண்டியைத் திருப்பாதவர். அத்தனை சின்னப் பொருள் கண்ணுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும், அது ஊருக்கு மேலே கடக்கும் நேரத்தைக் கைப்பேசி காட்டினால், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறார். கைப்பேசியிலோ பழைய கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. எரிந்துபோனதை இன்னும் வரவழைக்கிறது.

5

முடிவு, ஒன்று: சொல்லிவிடுகிறாள். அவருக்கு மகன் இரண்டாம் தடவை சாகிறான். கல் வைக்கிறார்கள்.

முடிவு, இரண்டு: சொல்லவில்லை. மழை வருகிறது. மேடு தரையோடு தரையாகிறது. இஸ்ரேல் குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டுகிறார். அவள் அங்கே பூ வைத்துவிட்டு, பக்கத்திலும் கொஞ்சம் வைக்கிறாள்.

மூன்றாவதாக ஒன்று எழுத —

“ஏட்டி, சீக்கிரம் மேல வா!” மாடியிலிருந்து குரல். “இன்னும் செத்த நேரத்துல நம்ம பய வாரான். மலைப் பக்கம் வேற கறுத்துக்கிட்டு வருது.”

“வாரேன்.”

இதுவரைக்கும் நடந்தது. தெருவில் தறிச் சத்தம் நிற்கவில்லை. முதல் தூறல் படியில் விழுந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் ஏறுகிறாள். பின்னாலேயே நீங்களும் வாருங்கள், வாசகரே. எரிந்துபோனதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. தேவதாசன் அண்ணாந்த முகத்தை இறக்காமல் கேட்பார், அவளிடம் அல்ல, உங்களிடம்:

“கண்ணாடி போட்டும் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. உங்களுக்கு அவன் தெரியுதானா?”