இரண்டாவது தடவை கேட்கவில்லை

பள்ளித் தலைவர் சுகுமாரன் மூன்று மாதத்துக்கு முன்பு என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "விமலா, பள்ளி பெருசாகிட்டே போகுது. துணை முதல்வர்னு ஒரு பதவி போடுறோம். நீயே எடுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டார். மனசு உடனே சரி என்றது. வாய் மட்டும் தன் பாட்டுக்கு, "ஐயோ, எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்? பெரிய ஆளா யாராச்சும் பாருங்க" என்று சொன்னது.

இதற்கு என்ன அர்த்தம் என்று மலேசியாவில் எங்கள் ஈப்போ ஊரில் எந்தத் தமிழரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். விருந்தில் "போதும், போதும்" என்று இலையைக் கையால் மறைக்கிறோம். பரிமாறுகிறவர் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைக்கிறார். கேட்ட உடனே "சரி, குடுங்க" என்று சொன்னால் பதவிக்கு அலைகிறாள் என்று பேசுவார்கள். நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். வாய் திறந்து கேட்டு வாங்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

தலைவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்த மேடையில் மாலை போட வந்தாலும், "வேணாம்ப்பா, எனக்கு எதுக்கு?" என்று இரண்டு தடவை தள்ளிவிட்டு, மூன்றாவது தடவை கழுத்தை நீட்டுகிற மனுஷர் அவர். முதல் தடவையே மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியிருக்காது. ஆனால் என்னிடம், "சரிம்மா, பாப்போம்லா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

மதார் சாகிப் உணவகத்தின் மாடியில், இரண்டே அறையில், டியூஷன் வகுப்பாக ஆரம்பித்த இடம் இது. கீழே ஆட்டுக்கறி கொதிக்கும், மேலே நான் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருப்பேன். இன்றைக்குப் பழைய ரப்பர் தோட்டத்தை அழித்த நிலத்தில் மூன்று மாடி, லிஃப்ட், நீச்சல் குளம். சீனப் பெற்றோர்கள்கூட இடம் கேட்டு வருகிறார்கள். என் தொண்டையில் பாதி இங்கேதான் போனது. அந்தப் பதவி எனக்கு வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வேண்டும் என்றுதான் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை தலைவர் என் வகுப்புக்கே வந்தார்.

"திங்கக்கிழம நல்ல பட்டுச்சேலையா கட்டிட்டு, கொஞ்சம் முன்னாடியே வந்துரும்மா. ஒனக்கு முக்கியமான வேல இருக்கு."

இதோ கேட்டுவிட்டார், இரண்டாவது தடவை! என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். வீட்டுக்கு ஓடிப்போய் யுகேந்திரனிடம் சொன்னேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல? அவருக்கு வேற ஆளு ஏது?" என்று குதித்தார் என் வீட்டுக்காரர். "நானும் லீவு போட்டுட்டு வாரேன். வீடியோ எடுக்கணும்." பாகான் டத்தோவில் இருக்கிற அவர் அக்காவுக்குச் செய்தி அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கேக்குக்கும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை வாசலிலேயே அலுவலகப் பெண் ஒரு பித்தளைத் தட்டை என் கையில் திணித்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம்.

"புது ஆளுங்க வாராங்க, டீச்சர். நீங்கதான் ஆரத்தி எடுக்கணுமாம். தலைவர் சொன்னாரு."

ஜைனப் டீச்சரும் லிம் டீச்சரும் ஆரத்தி எடுக்க மாட்டார்கள். மற்ற டீச்சர்கள் எல்லாம் கல்யாணமாகாத சின்னப் பெண்கள். இருந்த ஒரே சுமங்கலி நான். பட்டமும் அனுபவமும் கிடக்கட்டும், என் வகிட்டுக் குங்குமம்தான் இவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அடப்பாவி மனுஷா, அதை வெள்ளிக்கிழமையே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கேக் எங்கள் காரில் உருகிக்கொண்டிருந்தது.

கோலாலம்பூர் கார் ஒன்று வந்து நின்றது. புது முதல்வர் மகேந்திரன் இறங்கினார். பின்னாலேயே துணை முதல்வர் தினேஸ்வரி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். தட்டை மூன்று சுற்று சுற்றினேன். இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டு வைத்தேன். வேலி ஓரமாக நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த யுகேந்திரன் மெல்லக் கைப்பேசியை இறக்கிவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பினேன். தினேஸ்வரி எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பதவிய ஒங்களுக்குத்தான் முதல்ல குடுத்தாங்களாமே? குடும்பம் இருக்கு, முடியாதுன்னுட்டீங்களாம். நெஜமா?"

குடும்பம் என்ற வார்த்தையே அன்றைக்கு என் வாயிலிருந்து வரவில்லை.

"யாரு சொன்னா?"

"தலைவர்தான்."

"நீ எப்படிம்மா வந்த?"

"விண்ணப்பம் போட்டேன். இன்டர்வியூல, இந்த வேல எனக்கு வேணும் சார்னு நேராவே சொன்னேன்க்கா."

அவள்மேல் கோபப்பட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் என்ன தப்பு செய்தாள்?

கேண்டீனில் தேநீர் விருந்து. தலைவரே கேசரிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பரிமாற வந்தார்.

"கேசரி எடுத்துக்கம்மா."

"வேணாண்ணே."

"அட, எடுத்துக்க."

"போதும்ணே, நெஜமாவே வேணாம்."

"என்ன விமலா, நம்ம வீட்டு விசேஷத்துல என்ன கூச்சம்? நீ இல்லாம இந்தப் பள்ளி ஏது? சாப்பிடும்மா." என் கையை விலக்கிவிட்டுத் தட்டில் ஒரு கரண்டி வைத்தார்.

"கேசரிக்கு மூணு தடவ கேட்டீங்கண்ணே. அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு தடவதான கேட்டீங்க?"

அவர் முகம் மாறியது. நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று சிரித்துக்கொண்டார்.

"நீதானேம்மா வேணாம்னு சொன்ன?"

என் பக்கத்தில் நின்ற தினேஸ்வரி தட்டை நீட்டினாள்.

"எனக்கு ரெண்டு கரண்டி போடுங்க, சார்."

போட்டார்.